நூறு கோடி இல்லாதவர்களின் காப்பீடு

மத்திய கூட்டுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கூட்டுறவுத் துறைக்கென ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்படும் என்று 2025 மார்ச்சில் மக்களவையில் அறிவித்தீர்கள். வரட்டும். ஆனால் தில்லியில் தலைமையகம், மாநிலத்துக்கொரு கிளை, கமிஷனுக்கு முகவர்கள் என்று அதுவும் இன்னொரு கம்பெனியாக முடிந்தால், கூட்டுறவு பெயர்ப்பலகையில் மட்டுமே இருக்கும். மருத்துவக் காப்பீட்டில் கூட்டுறவு என்றால், சந்தா கட்டுகிறவரே சொந்தக்காரர். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் இடத்திலும் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், 1992 முதல் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களைக் காப்பீட்டில் சேர்த்தது. காப்பீட்டுக் கம்பெனிக்கும் மக்களுக்கும் நடுவே நின்றது அவர்களுடைய சொந்தச் சங்கம். சிகிச்சைக்குக் கூடலூரிலேயே ஆதிவாசி மருத்துவமனை இருந்தது. புனேயில் அப்லிஃப்ட் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சிகிச்சைச் செலவுக் கோரிக்கைகளை உறுப்பினர் குழுவே பார்த்து முடிவு செய்கிறது. பக்கத்துத் தெருக்காரர் பார்க்கிற பில்லில் பொய்க்கணக்கு எழுதக் கை கூசும். காகிதத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று நியாயமான கோரிக்கையைத் தள்ளவும் கூசும்.

இவற்றில் பெரியது கர்நாடகத்தின் யஷஸ்வினி. இதய மருத்துவர் தேவி ஷெட்டியின் யோசனை. 2003-ல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் மாதம் ஐந்து ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினால் அறுவை சிகிச்சைக்குக் கவலையில்லை. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் இடையில் இல்லை, ஓர் அறக்கட்டளைதான். ஆனால் தொடக்கம் முதலே அரசும் பணம் போட்டது. சந்தாவை 120 ரூபாயாக்கியபோது உறுப்பினர் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சரிந்தது. 2018-ல் ஆரோக்கிய கர்நாடகம் என்ற அரசுத் திட்டத்தில் கரைத்தார்கள். 2022-ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். உறுப்பினர்களைக் கேட்டுக் கரைத்ததாகத் தெரியவில்லை! அரசுப் பணம் இல்லாமல் ஏழைகளின் காப்பீடு நிற்காது. அரசுப் பணம் வந்தால் அரசின் மனம்போல ஆடும். இந்தச் சிக்கலுக்கு உங்கள் நிறுவனம் என்ன விடை வைத்திருக்கிறது?

அமெரிக்காவிலும் அரசுக் காப்பீட்டுக்கு மாற்று என்று சொல்லித்தான் கூட்டுறவைக் கொண்டுவந்தார்கள். ஒபாமா காலத்து 2010 சட்டத்தின்கீழ் 23 கூட்டுறவுக் காப்பீடுகள் அரசுக் கடனில் பிறந்தன. அந்தக் கடனை விளம்பரத்துக்குச் செலவிடக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. நட்டத்தை ஈடுகட்ட அரசு தருவதாகச் சொன்ன தொகையில் 2015-ல் கிடைத்தது நூற்றுக்கு 12.6 மட்டும். பெரும்பாலானவை மூடப்பட்டன. சொன்ன பணத்தை அரசு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வாங்கிக்கொள்ளக் கடை திறந்திருந்தவை சொற்பம்.

இங்கே கடையைத் திறப்பதே பாடு. நம் காப்பீட்டுச் சட்டப்படி நிறுவனம் தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். எந்தப் பால் சங்கத்திடம், எந்த நெசவாளர் சங்கத்திடம் அவ்வளவு இருக்கிறது? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த, சேவா அமைப்பின் மிராய் சாட்டர்ஜி தலைமையிலான குழு, குறுங்காப்பீட்டுக்கு மட்டுமாவது இதை 20 கோடியாகக் குறைக்கலாம், கூட்டுறவுகளையும் அனுமதிக்கலாம் என்று 2020-லேயே பரிந்துரைத்தது. சட்டம் நிதித்துறையின் கையில் இருப்பது தெரியும். அவர்களோடு பேசி அந்த அறிக்கையைத் தூசி தட்டுவது உங்களுக்குப் பெரிய காரியமல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத்தையோ மாநில முதலமைச்சர் திட்டங்களையோ சுருக்குவதற்குக் கூட்டுறவைச் சாக்காக்க வேண்டாம். மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் அந்த அட்டைகளுக்கு மதிப்பு. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கைக்காசுதான். கூட்டுறவுக்கு வேலை இருப்பது அந்த இடத்தில். ஒரு தாலுகாவின் சங்கங்கள் சேர்ந்தால் மருந்தை மொத்தமாக வாங்கலாம், பரிசோதனைக்கூடத்தோடு விலை பேசலாம்.

ஆனால் சங்கத்தில் உயிர் இருக்க வேண்டுமே. தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் கையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் சங்கத்தை நம்பி எவர் சந்தா கட்டுவார்? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு, வரப்போகும் நிறுவனத்தைப் பாலிசி விற்க அனுப்பாதீர்கள். சிறிய காப்பீட்டுச் சங்கங்களுக்குப் பின்னால் நிற்கும் மறுகாப்பீட்டாளராக்குங்கள். ஒரே ஆண்டில் நாலைந்து இதய அறுவை சிகிச்சை வந்து ஒரு சங்கத்தின் நிதி வற்றிப்போனால், மிச்சத்தை அது கொடுக்கட்டும். சந்தா வாங்குவதையும் கோரிக்கை பார்ப்பதையும் நாங்கள் செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர் ஒருவர்