பெரிய பிரேக் போட்டால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

என் மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சென்ற ஆண்டு கொல்லிமலைக்குப் போய்விட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கிக்கொண்டிருந்தோம். டீசல் மிச்சமாகும் என்று மாமா வண்டியை நியூட்ரலில் விட்டிருந்தார். பாதி மலையில் தீய்ந்த வாடை வந்தது. பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தும் வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியரைத் திணித்து, மலையோர மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினார். பின் இருக்கையில் அத்தையும் இரு குழந்தைகளும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து மாமா ஒரே பிடிவாதமாக இருக்கிறார். முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்கிறார். தீர்ந்துவிடுமா?

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். டிரம்முக்குள் அந்த வெப்பம் அடைபட்டு, லைனிங்கின் பிடிப்பு குறைந்துவிடுகிறது. டிஸ்க்கோ காற்றில் திறந்து கிடப்பது, விரைவில் ஆறும். பெரிய டிஸ்க் இன்னும் அதிக வெப்பம் தாங்கும். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றதற்கு டிஸ்க் பிரேக்கும் ஒரு காரணம்.

ஆனால் நண்பர்களே, பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது; காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு! வழவழத்த டயருக்கு எவ்வளவு பெரிய பிரேக் போட்டும் பயனில்லை. முன்பக்கத்தை மட்டும் வலுவாக்கினால், மழைச் சாலையில் முன் சக்கரங்கள் சுழலாமல் இறுகி வழுக்கும். ஸ்டீரிங்கை ஒடித்தாலும் வண்டி திரும்பாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவர் ஆபத்தைக் கண்டு காலை வைக்க ஒரு நொடி எடுத்தால், அதற்குள் 22 மீட்டர் ஓடியிருக்கும். அதை எந்த பிரேக்கும் மீட்டுத் தராது.

இன்னொன்றும் உண்டு. டிரம்மின் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து மிதிக்கு உதவுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆகவே பூஸ்டர் வேண்டும். பெரிய காலிப்பருக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதாமல், மிதி ஆழமாக இறங்கலாம். எனவே மாற்றுவதானால் டிஸ்க், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். பாதி மாற்றம் பழையதைவிடக் கேடு.

அதற்கும் முன்னால், இருப்பதைச் சீர்செய்வோம் என்பதே என் கருத்து. மாமாவின் வண்டியைப் பிரித்தபோது லைனிங் தேய்ந்து ரிவெட் தெரிந்தது. பிரேக் ஆயில் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிவிடும். அப்போது மிதி வெறுமனே உள்ளே போய்விடும். இவற்றையெல்லாம் கவனிக்காமல் பெரிய டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது, ஒழுகும் குடத்துக்கு வெள்ளி மூடி செய்வது போன்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இருக்கிறதே, அதற்குக் காசே தேவையில்லை. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இயக்க ஆற்றல் சூத்திரம், அன்று அந்த மலைச்சரிவில்தான் எனக்குப் புரிந்தது.

மாமா இப்போது லைனிங்கையும் ஆயிலையும் மாற்றிவிட்டார். டிஸ்க் ஆசை மட்டும் இன்னும் விடவில்லை. போடட்டும், முறையாகப் போடட்டும். ஆனால் அதைப் போட்ட துணிச்சலில் மறுபடியும் நியூட்ரலில் இறங்குவாரானால், அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். அத்தையையும் குழந்தைகளையும் ஏறவிடமாட்டேன்.