ஒரே பெட்டி, பல சுவர்கள்

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 காலை கம்ப்யூட்டர்கள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு, பரிசோதனை முடிவு, பில் எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். பிறகு அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம் எளிமையானது: நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படவில்லை.

பிரிப்பது என்றால்? ஒருகாலத்தில் துறைக்கு ஒரு ஸ்விட்ச், தனி ஒயர். செலவு அதிகம். 1998இல் வந்த 802.1க்யூ தரம் அதை மாற்றியது. ஒரே ஒயரில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் நான்கு பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். சீட்டில் ஓர் எண். 20ஆம் எண் பொட்டலம் 30ஆம் எண் கம்ப்யூட்டருக்குப் போகாது. இப்படி 4,094 பிரிவுகள் வரை முடியும். இதுதான் விலேன்.

இன்று சிக்கல் இன்னொரு படி உள்ளே போயிருக்கிறது. ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருபது சர்வர்கள் மென்பொருள் வடிவில் குடியிருக்கின்றன. அவற்றை இணைக்கும் ஸ்விட்ச்சும் மென்பொருள்தான். ஒரே எண்ணில் உள்ள இரு சர்வர்கள் பேசிக்கொண்டால் அந்தப் பேச்சு பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. வாசலில் லட்ச ரூபாய் ஃபயர்வால் நிறுத்தியிருந்தாலும் அதன் கண்ணில் படாது.

எனவே முதல் வேலை கீபோர்டில் அல்ல, காகிதத்தில். யார் யாருடன் பேச வேண்டும் என்று எழுதுங்கள். நிர்வாகத்துக்கு 10, நோயாளிகள் தகவலுக்கு 20, அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு 30, விருந்தினர் வைஃபைக்கு 40 என்று வைத்துக்கொள்ளலாம். சர்வருக்குப் போகும் ஸ்விட்ச் போர்ட்டை ட்ரங்க் ஆக்கி, தேவையான எண்களை மட்டும் அனுமதியுங்கள். அதே எண்களை உள்ளே இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்சிலும் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் ஓடும். ஆனால் ஊமையாக இருக்கும்.

அவசரத்தில் செய்யப்படும் வேலைதான் ஆபத்து. விஎம்வேரில் 4095 என்று போட்டால் அது இன்னொரு பிரிவல்ல. அந்தப் பெட்டிக்கு வரும் எல்லாப் பிரிவுகளையும் அந்த ஒரு சர்வருக்குத் திறந்துவிடும் சாவி. 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று போட்டது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நிர்வாகத் திரைக்குத் தனி எண் அவசியம். அதைப் பிடித்தவர் கையில் இருபது சர்வரும் வந்துவிடும்.

இன்னொன்று. விலேன் பிரிக்க மட்டுமே செய்யும். பிரிவுகளை மறுபடி இணைப்பது ரவுட்டர். அங்கே 'எல்லோருக்கும் எல்லாம்' என்று விதி எழுதினால் சுவர் கட்டி, கதவைக் கழற்றி வைத்த கதைதான். விருந்தினர் வைஃபையில் ஒரு லேப்டாப்பை இணைத்து நோயாளிகள் சர்வரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால் சுவர் இல்லை.

எய்ம்ஸ் தகவல்கள் திரும்பக் கிடைத்தன, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. உங்கள் ஆஸ்பத்திரியின், கல்லூரியின், கூட்டுறவு வங்கியின் பேக்கப் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். மற்ற சர்வர்கள் இருக்கும் அதே எண்ணில் என்று பதில் வந்தால், பேனாவையும் காகிதத்தையும் தயாராக வைத்திருப்பது நல்லது.