விடுதியும் வீடும்

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 17 முதல் தமிழகத்துக் கல்வி ஸ்தாபனங்கள் மூடப்பட்டபோது, விடுதி மாணவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் நெருக்கியடித்து ஊர் திரும்பினார்கள். ஒரு வாரத்திற்குள் மாவட்ட எல்லைகளும் அடைபட்டன. எம். புதுப்பட்டி போன்றதொரு கிராமத்தில், பட்டாசுத் தொழிலாளியின் சிறு வீட்டில், தள்ளாத பாட்டிக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுக்கவேண்டிய பிள்ளைக்குத் தனிமைவாசம் எவ்விதம் சாத்தியமாகும் என்பதை, ஊருக்குப் போகுமாறு உத்தரவிட்ட சர்வகலாசாலைகள் யோசித்திருக்க வேண்டாமா? அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொரோனா பீடித்தபோது, மாணவர்களை அறைகளிலேயே இருத்தி, உணவையும் அங்கேயே அனுப்பினார்கள். அதுவே உசிதமான மார்க்கம் என்பது என் திடமான அபிப்பிராயம். பரிசோதனையின்றி எந்த மாணவனையும் பிரயாணப்படுத்தலாகாது. விரும்புகிறவன் விடுதியிலேயே தங்கும் உரிமையை, அடுத்த தொற்று வருமுன்பே, ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் விதிகளில் எழுதிவைக்க வேண்டும்.