முதுமைப் பராமரிப்பு: பிள்ளைகளுக்குத் தண்டனை, அரசுக்கு விலக்கு

நோயுற்ற தாயையோ தந்தையையோ எப்போது பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என்ற கேள்வி, குடும்பத்தின் மனச்சாட்சிக்கு உரியதாக மட்டும் ஆக்கப்பட்டிருக்கிறது. சேர்த்தால் நன்றி கெட்ட பிள்ளை என்ற பழி. சேர்க்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் அடைபடும் மருமகள். அரசு மட்டும் இக்கேள்வியில் சிக்காமல் கவனமாக ஒதுங்கி நிற்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இதற்குச் சாட்சி. பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது மிரட்டுகிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவோ, மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடமளிக்கும் இல்லங்களை மாநில அரசுகள் ‘நிறுவலாம்’ என்கிறது. பிள்ளைக்கு ‘வேண்டும்’, அரசுக்கு ‘லாம்’! எந்த மொழிபெயர்ப்பாளராலும் இந்த ‘லாமை’ ‘வேண்டும்’ ஆக்கிவிட முடியாது. 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்து நிறைவேறாமற்போன திருத்த மசோதாவும் சிறைத் தண்டனையை 6 மாதம் வரை உயர்த்தவே முனைந்தது.

பணத்தைப் பார்ப்போம். தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். படுக்கையில் கிடப்பவரின் ஒரு வார டயப்பர் செலவுக்குக்கூட அது போதாது. 70 வயது கடந்தோருக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று 2024இல் விளம்பரம் செய்தார்கள். அது மருத்துவமனைக் கட்டிலுக்கானது. பக்கவாதத்தோடு வீடு திரும்பியவர் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கட்டிலுக்கு அதில் ஒரு காசும் இல்லை. எஞ்சியது சந்தை. முதியோர் பராமரிப்பு குறித்து நிதி ஆயோக் 2024இல் வெளியிட்ட அறிக்கை தனியார் முதலீட்டையும், வீட்டை அடகு வைத்து மாதப் பணம் பெறும் தலைகீழ் அடமானத்தையும் வழியாகக் காட்டுகிறது. புறம்போக்கில் குடிசை போட்ட விவசாயத் தொழிலாளி எதை அடகு வைப்பார்?

இல்லத்தில் சேர்க்கும் தருணத்தைக் கண்டறிவது ஒன்றும் மறைபொருள் அல்ல. அவரால் தானே உண்ண, குளிக்க, கழிப்பறை செல்ல இயல்கிறதா? மாத்திரைகளை மாற்றி விழுங்குகிறாரா? நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேறுகிறாரா? படுக்கைப்புண் வந்துவிட்டதா? பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் என்ன விரும்புகிறார்? இவற்றை வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்ற செவிலியர்தாம் இல்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை ஒட்டி உள்ளாட்சிகள் அத்தகைய செவிலியரை வீடுதோறும் அனுப்புகின்றன. செவிலியர் வாரந்தோறும் வந்தால், வீட்டைவிட்டுப் போகத் தேவையில்லாத முதியோர் பலர்.

நமது அணிகளுக்குள்ளும் ‘முதியோர் இல்லம் முதலாளித்துவச் சீரழிவு’ என்று பேசுவோர் உண்டு. கூட்டுக் குடும்பத்துக்காக ஏங்கும் இக்குரல் முற்போக்கானதன்று; அது நிலவுடைமைக் காலத்தின் எச்சம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகின்றனர். தோழர் மாலைக் கூட்டத்துக்கு நேரத்தோடு வந்துவிடுகிறார். அந்நேரம் அவருடைய தாயைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார் என்று கிளைக் கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் நல்லது.

19ஆம் பிரிவின் ‘நிறுவலாம்’ ‘நிறுவ வேண்டும்’ என்று திருத்தப்பட வேண்டும். நடமாடக் கூடியவர்களை மட்டுமே சேர்க்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டி, படுத்த படுக்கையாக இருப்போருக்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். ஆஷா ஊழியர்களைத் ‘தன்னார்வலர்’ என்று அழைத்து ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை கொடுத்த தந்திரத்தை ஆட்சியாளர்கள் இங்கும் கையாள்வார்கள். கோரிக்கை மனுவின் முதல் வரியிலேயே அது மறுக்கப்பட வேண்டும்.