வாங்கும்போது 18, கொடுக்கும்போது 6!

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அறியாதார் நம்மில் யார்? 1960களில் அரசு அமைத்த அந்தப் பேட்டையின் தெருக்களிலே, நாலு லேத்தும் பத்துத் தொழிலாளரும் கொண்ட பட்டறைகள் எத்தனை, எத்தனை! ஆவடி சாலையிலும் பூந்தமல்லி சாலையிலும் அத்தகைய பட்டறைகளைக் காணலாம். பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து தருவது அவர்தம் தொழில். அவர்கள் கழுத்தைச் சுற்றியுள்ள கயிற்றின் பெயர் வரித் தாமத வட்டி!

கயிறு இறுகும் விதத்தைக் கேளுங்கள். பட்டறைக்காரர் சரக்கை அனுப்பிப் பில் போடுகிறார். அப்போதே சரக்கு சேவை வரி அவர் தலையில் ஏறிவிடுகிறது. மாதக் கணக்குக் கொடுப்பவரானால், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சரக்கை வாங்கிய கம்பெனியோ, "மூன்று மாதம் பொறு" என்கிறது. கைக்கு வராத காசுக்கு வரி! தவறினால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியை நாள் கணக்கில் போடுகிறது. 1 லட்ச ரூபாய் பில்லுக்கு வரி 18,000 என்றால், 90 நாள் தாமதத்துக்கு வட்டி ஏறத்தாழ 800 ரூபாய். கணக்குத் தாக்கல் தாமதமானால் அதற்குத் தனிக் கட்டணம்!

சரி, அரசு அவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் தாமதமானால்? 56ஆம் பிரிவைப் புரட்டுங்கள். விண்ணப்பம் பெற்று 60 நாள் வரை வட்டியே இல்லை! பிறகு 6 சதவீதம். மேல்முறையீட்டில் வென்று வந்த தொகையானால் 9. வருமான வரியிலும் இதே கதைதான்: நாம் தாமதித்தால் மாதம் 1 சதவீதம், அவர்கள் தாமதித்தால் அரை சதவீதம். வாங்கும் படி ஒன்று, அளக்கும் படி வேறொன்று! மளிகைக்கடைக்காரர் இதைச் செய்தால் எடை மோசடி. ஆட்சி செய்தால் சட்டமா?

இன்னும் கேளுங்கள். 1 லட்சம் வரியில் 80,000 முன்னரே கட்டிய வரியின் வரவாகக் கழிந்து, ரொக்கமாகக் கட்டவேண்டியது 20,000 என்றால், வட்டி எதற்கு? 20,000க்குத்தானே? மாதம் 300 ரூபாய். அதிகாரிகளோ முழு லட்சத்துக்கும் 1,500 கேட்டனர்! 2020 பிப்ரவரியில், ஏறத்தாழ 46,000 கோடி வட்டியை வசூலிக்க முனைந்தனர். அதற்கு முந்தைய மாதமே, ரொக்கப் பகுதிக்கே வட்டி என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது, 2021இல் சட்டம் திருந்தியது, 2017 ஜூலை முதலே செல்லுபடியாகும்படி. அதுவும் நடவடிக்கை தொடங்குமுன் கணக்குக் கொடுத்தவர்க்கே!

"வரி மக்கள் பணமல்லவா? தாமதித்தால் வட்டி வேண்டாமா?" என்பார் சிலர். வேண்டும்! வாடிக்கையாளரிடம் வரியைப் பெற்றுப் பையில் போட்டுக்கொண்டவனிடம் கறாராக வாங்குக! பெறாதவனிடம் வாங்குவது எந்த நீதி? பெரிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் முழங்குகிறது. கேட்பாரில்லை! கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சம். எளியவனிடம் வாங்கும் வட்டி தானே ஏறுகிறது. எளியவனுக்கு வரவேண்டிய வட்டி ஏட்டிலே உறங்குகிறது!

வழியில்லையா? இங்கிலாந்தில் ஆண்டு விற்பனை 13.5 லட்சம் பவுன் வரையுள்ள வணிகர், பணம் வந்த பின்னரே விற்பனை வரி செலுத்தும் திட்டத்தில் சேரலாம். அங்கே ஆகும், இங்கே ஆகாதா?

நம் கோரிக்கை இரண்டு. சிறு பட்டறைக்குப் பணம் வந்த பின் வரி! கொடுக்கவும் வாங்கவும் ஒரே வட்டி! ஞாயிறு ஓய்வு முடிந்ததும் பட்டறை பட்டறையாகச் செல்லுங்கள், தோழர்களே! 50ஆம் பிரிவையும் 56ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டுங்கள். அநீதி எதுவென்பதை அந்த இரண்டு எண்களே சொல்லும்!