மீனை விட்டதும் வயிறு உப்புதா? அது 'டீடாக்ஸ்' இல்லை!

கார்த்திகை பிறந்து மாலை போட்டதும், குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் மீன் சட்டிக்கு 41 நாள் லீவு. குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று வரிசையாக மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கும் மாவட்டத்தில் இது சின்ன மாற்றம் இல்லை. முதல் வாரம் வயிறு உப்பும், கேஸ் வரும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே திரும்பப் பசிக்கும். சிலருக்குக் களைப்பும் சேர்ந்துக்கும்.

இதுக்கு ரீல்ஸில் கிடைக்கும் விளக்கம்: உடம்பில் இருக்கும் நஞ்செல்லாம் வெளியே போகுது, பொறுத்துக்கோங்க. இது தவறான விளக்கம். விரதம் முடிந்த பிறகும் சைவத்திலேயே இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆபத்தான விளக்கமும் கூட.

முதல் வாரம் என்ன நடக்குது?

கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்யுது. நீங்க மீன் சாப்பிட்டாலும் செய்யும், சாம்பார் சாப்பிட்டாலும் செய்யும்.

வயிறு உப்புறதுக்குக் காரணம் வேற. பயறு, கடலை, காய்கறியில் இருக்கும் நார்ச்சத்தில் பெரும்பகுதியை நம்மால் செரிக்க முடியாது. அதைக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் நொதிக்க வைக்குது, அப்போது வாயு உருவாகுது. உணவு மாறினால் சில நாட்களிலேயே குடல் நுண்ணுயிர்களின் கலவையும் மாறத் தொடங்கும் என்பதை 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பயறை ஊறவைத்து, நல்லா வேகவைத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்துவிடும்.

மீன் போனால் தட்டில் மிச்சம் என்ன?

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இதுதான். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் இங்கே ஜோடி. 100 கிராம் கிழங்கில் புரதம் 1 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதே அளவு சாளையில் சுமார் 20 கிராம். 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதம் ஏறக்குறைய 50 கிராம். மீனை மட்டும் எடுத்துவிட்டு கிழங்கு, சோறு, சம்மந்தி என்று ஓட்டினால் பசியும் சோர்வும் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. மரச்சீனியில் சயனைடை உருவாக்கும் லினமாரின் என்ற பொருள் உண்டு. வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவதை உடம்பு தீங்கு குறைந்த பொருளாக மாற்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவை புரதத்தில் இருந்துதான் கிடைக்கும். கிழங்குக்கு மீன் தொட்டுக்கொள்வது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை என்று இதில் இருந்தே புரியும்.

41 நாள் வேற, 4 வருஷம் வேற

மண்டல விரதமோ தவக்காலமோ, ஆரோக்கியமான உடம்பு அதைத் தாங்கும். வைட்டமின் பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். அது பல மாதங்கள், சிலருக்கு வருஷக்கணக்கில் கூட வரும். வம்பும் இதில்தான் இருக்கு. பற்றாக்குறை வந்தாலும் உடனே தெரியாது. நிரந்தரமாக சைவத்துக்கு மாறி ரொம்ப நாள் கழித்து களைப்பு, கை கால் மரத்துப்போதல், மறதி என்று மெதுவாக எட்டிப் பார்க்கும். அப்போதும் 'உடம்பு சுத்தமாகுது' என்று காத்திருந்தால் நரம்பில் ஏற்படும் பாதிப்பு முழுசாகச் சரியாகாமலே போகலாம்.

காய்கறி, கீரை, பயறு எதிலும் நம்பும்படியான பி12 கிடையாது. சைவத்தில் பால், தயிர், மோர்தான் வழி. அதையும் விடுபவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ அவசியம்.

அப்போ என்ன சாப்பிடலாம்?

சைவம் நாஞ்சில் நாட்டுக்குப் புதுசு இல்லை. கஞ்சியும் சிறுபயறும், புட்டும் கடலையும், பயறு துவரன், எரிசேரி, உளுந்தஞ்சோறு எல்லாமே இங்கே பழகிய சாப்பாடுதான்.

* ஒவ்வொரு வேளையும் ஒரு பயறோ பருப்போ தட்டில் இருக்கட்டும். 50 கிராம் சிறுபயறில் 11 கிராமுக்கு மேல் புரதம் இருக்கு.
* முருங்கைக்கீரை, பயறில் இருக்கும் இரும்புச்சத்து, மீன், இறைச்சியில் இருப்பது போல சுலபமாக உடம்பில் சேராது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்க. சாப்பிட்டதும் டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.
* நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டுக் கிடைத்த கால்சியத்துக்குப் பதிலா பால், எள்ளு, ராகி.
* நிரந்தரமாக மாறினால் பி12, ஹீமோகுளோபின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கோங்க. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மாறுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசுவது நல்லது.

மாலை போடுவது நம்பிக்கை; சைவமாக இருப்பது அவரவர் விருப்பம். இரண்டிலும் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால் முதல் வாரம் தாண்டியும் களைப்பு போகலைன்னா, ரீல்ஸை நம்பிப் பொறுத்துக்க வேண்டாம். முதலில் தட்டைப் பாருங்க, அப்புறம் டாக்டரைப் பாருங்க.