இரட்டைப் பதிவு

பி.காம். படித்ததால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த லாபம் ரொம்பக் குறைவு. போன வருஷம் திருத்தணி மலைப்படியில் ஒரே ஒரு தடவை அது கைகொடுத்தது. அதைச் சொல்கிறேன்.

நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம். (சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது. திருத்தணியில் பாதி ஆண்களுக்கு முருகன் பெயர்தான்!) டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற சேல்ஸ் ரெப். வாரத்தில் நாலு நாள் நகரி, புத்தூர், சித்தூர் என்று ஆந்திராவில் அலைவான். யோசிப்பது தமிழில், பேரம் பேசுவது தெலுங்கில். கல்யாணமாகி ஒன்பது மாதம். மனைவி நாலு மாத கர்ப்பம்.

ஆடிக்கிருத்திகைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு புதன்கிழமை. "ஒரு விஷயம் பேசணும். மலைக்கு வாடா" என்று போன். வீட்டில் பேச முடியாது. டீக்கடையில் பேசவே முடியாது. மலையில் முருகன் ஒருத்தர்தான் கேட்பார். அவரும் வெளியே சொல்ல மாட்டார்.

மொத்தம் 365 படி. நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. முதல் நூறு படி கிரிக்கெட் பேசினான். அடுத்த நூறு படி பெட்ரோல் விலை. மூச்சு வாங்க ஓரமாக உட்கார்ந்ததும்தான் விஷயத்துக்கு வந்தான்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியில அவளுக்கு பிளட் டெஸ்ட் எடுத்தாங்கடா. சிஃபிலிஸ்னு வந்திருக்கு. ரெண்டாவது டெஸ்ட்லயும் அதேதான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் அடுத்துக் கேட்டதுதான் இந்த வாரக் கட்டுரை.

"நான் எப்படிடா சேஃபா இருக்கறது? தனி ரூம்ல படுக்கவா? தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுக்கவா?"

"நீ டெஸ்ட் எடுத்தியா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

"எப்பவுமே இருந்ததில்லையா?"

இருபது படி ஏறும்வரை பதிலில்லை. அப்புறம் சொன்னான். கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்னால் வெளியூரில் ஒரு ராத்திரி. சில வாரம் கழித்து ஒரு சின்னப் புண். வலியே இல்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்திருப்பீர்களே, 'பரம்பரை வைத்தியர், இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கவும்' என்று. அந்த மாதிரி ஒருத்தரிடம் போய் மூவாயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். ஒரு மாதத்தில் புண் காணோம். அந்த வைத்தியரை இன்னும் ரெண்டு பேருக்கு சிபாரிசு வேறு செய்திருக்கிறான்!

இங்கேதான் சூட்சுமம். சிஃபிலிஸின் முதல் புண் லேகியம் சாப்பிட்டாலும் ஆறும், சாப்பிடாவிட்டாலும் ஆறும். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக மறைந்துவிடும். கிருமி மட்டும் ரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, மனைவிக்கும் அவள் மூலமாக வயிற்றுக் குழந்தைக்கும் போகும். சிகிச்சை இல்லாவிட்டால் கர்ப்பம் கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், குறையோடு பிறக்கலாம். வைத்தியருக்கு மட்டும் நல்ல பெயர்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்போது கைகொடுத்ததுதான் பி.காம்.

"டேய், டபுள் என்ட்ரின்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் பற்று எழுதினா இன்னொரு பக்கம் வரவு எழுதணும். ஒரு பக்கம் மட்டும் எழுதினா கணக்கு டேலி ஆகாது. இதுவும் அப்படித்தான். அவளுக்கு மட்டும் ஊசி போட்டா உன்கிட்டேர்ந்து மறுபடி அவளுக்கு வரலாம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எழுதணும்."

மணமானவர், ஆகப் போகிறவர், எல்லோருக்கும் இதுதான் முதல் பாடம். துணைக்குப் பால்வினை நோய் என்று தெரிந்தால், எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் நீங்களும் டெஸ்ட் எடுங்கள். இருவருக்கும் சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம். தட்டு, டம்ளர், டாய்லெட் இவற்றால் இந்த நோய்கள் தொற்றாது. தனித் தட்டு வைத்தால் மனைவி மனசு புண்படும், அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம், ஆணுறை. மெடிக்கல் ஷாப்பில் நின்று கூச்சத்தில் விக்ஸ் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிற வீரர்களை எனக்குத் தெரியும். நம் அரசாங்கம் 1968-லேயே 'நிரோத்' என்று பெயர் வைத்து இதைப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்தது. நமக்குத்தான் இன்னும் கூச்சம் போகவில்லை. ஒன்று, ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் சிஃபிலிஸும் ஹெர்பிஸும் தொற்றும். அதனால் புண்ணோ கொப்புளமோ இருக்கும்போது ஆணுறை இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். விலகி இருப்பதே சரி. துணைக்கு ஹெபடைடிஸ் பி என்றால் உங்களுக்குத் தடுப்பூசியே இருக்கிறது.

சரி, துணைக்கு எச்.ஐ.வி. என்றால்? இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா சேகரித்த ரத்தத்தை வேலூருக்கு ரயிலில் எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். அப்போது மருந்தே கிடையாது. 2003-ல் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டார்களே, அப்போதுகூட அரசாங்க மருந்து இலவசமில்லை. 2004 ஏப்ரலில்தான் இலவசம் ஆரம்பித்தது.

2011-ல் ஒரு ஆராய்ச்சி முடிவு வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி., மற்றவருக்கு இல்லை என்கிற மாதிரி 1,763 ஜோடிகள், ஒன்பது நாடுகளில். சென்னை ஜோடிகளும் உண்டு. துணையிடமிருந்து தொற்றியவர்கள் 28 பேர். அதில் 27 பேரின் துணைவர்கள் மருந்தைத் தள்ளிப்போட்ட பிரிவில் இருந்தவர்கள். உடனே மருந்து ஆரம்பித்த பிரிவில் ஒரே ஒருவர்! இன்று டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறார்கள்: தினம் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவின் மூலம் எச்.ஐ.வி. பரவாது. ஆணுறை கிழிந்து சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். அங்கே எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், ரகசியம். நேரில் போகக் கூச்சமா? 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

மலைக்கு வருகிறேன். உச்சியில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். "அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றான்.

"உண்மையைச் சொல்லு. வேற எதைச் சொன்னாலும் தப்பு அவ தலையில விழும்."

கொஞ்சம் தள்ளிப் போய் நின்று போன் பண்ணினான். ரொம்ப நேரம் பேசினான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்லன்னு."

மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எப்போது தொற்றியது என்று உறுதியாகத் தெரியாததால் இருவருக்கும் வாரத்துக்கொன்றாக மூன்று வாரம் பென்சிலின் ஊசி. எண்பது வருஷத்துக்கும் மேலாக இந்த நோய்க்கு அதுதான் ராஜா. கர்ப்பிணிக்கும் அதையே போடலாம். எச்.ஐ.வி. டெஸ்டும் எடுத்தார்கள். இருவருக்கும் இல்லை. லாட்ஜ் வைத்தியருக்கு மூவாயிரம் கொடுத்தவன், அரசு ஆஸ்பத்திரியில் செலவழித்தது ஆட்டோ சார்ஜ் மட்டும்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. டெஸ்ட் எல்லாம் பார்த்து டாக்டர் சரி என்றாராம். பெயர் வள்ளி. வேறென்ன வைப்பார்கள் திருத்தணியில்!

மனைவி அவனை மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன்.

"பேசறா. ஆனா நான் டூர் கிளம்பறப்ப வாசலுக்கு வர்றதில்லடா" என்றான்.

அந்தக் கணக்கு டேலி ஆக நாளாகும். அதற்கு ஊசி கிடையாது.